வேலைக்கு வலுவான மடிக்கணினி: மேக்புக் ப்ரோ, கேமிங் மடிக்கணினி, ஒர்க்ஸ்டேஷன் - எது யாருக்கு?

நான் செய்த முப்பரிமாணக் காட்சியைக் கணினி படம் படமாக வரைந்து, அதாவது ரெண்டர் செய்து, கொண்டிருந்தது. முதல் பிரேம் 38 வினாடியில் வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. இருபது நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது ஒரு பிரேமுக்கு 61 வினாடி ஆகிக்கொண்டிருந்தது. விசைப்பலகையின் மேல் வரிசையில் விரல் வைக்க முடியவில்லை. விசிறியின் இரைச்சல் பக்கத்து அறை வரை கேட்டது. காட்சியும் அதேதான், மென்பொருளும் அதேதான். சூடு மட்டும் ஏறியிருந்தது. அந்தச் சூட்டைத் தாங்க முடியாமல் ப்ராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொண்டிருந்தன. வாங்குவதற்கு முன் நான் படித்த விமர்சனங்கள் எல்லாம் அந்த முதல் மூன்று பிரேம்களைப் பற்றியவை. என் பிழைப்போ இருபதாவது நிமிடத்துக்குப் பிறகு வரும் பிரேம்களில் இருக்கிறது.

அந்த மடிக்கணினியோடு மூன்று ஆண்டுகள் போராடினேன். ஆவணப்படங்களுக்குப் படத்தொகுப்பு செய்வது என் தொழில். இடையிடையே ப்ளெண்டர் என்ற மென்பொருளில் சிறு சிறு முப்பரிமாணக் காட்சிகளும் செய்து கொடுப்பேன். புதிதாக ஒன்று வாங்கியே தீர வேண்டும் என்ற நிலை வந்தபோது, உள்ளரங்க வடிவமைப்பு செய்யும் என் தங்கையும், கட்டமைப்புப் பொறியாளரான நண்பர் ஒருவரும் அதே தேடலில் இருந்தார்கள். மூவரும் சேர்ந்து உட்கார்ந்து வாரக்கணக்கில் அலசினோம். கடைசியில் மூவரும் மூன்று வேறு வகைக் கணினிகளை வாங்கினோம். மூன்றும் சரியான முடிவுகள் என்றே இன்றும் நினைக்கிறேன். அந்த அலசலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கே காத்திருக்கிறோம்?

கடைப் பட்டியல்களைத் திறப்பதற்கு முன் ஒரு வாரம் மேசை மேல் ஒரு தாளை வைத்துக்கொண்டேன். கணினிக்காகக் காத்திருக்க நேரும்போதெல்லாம், எதற்காக, எத்தனை நிமிடம் என்று குறித்தேன். எல்லாம் ரெண்டரிலும், முடிந்த படத்தைக் கோப்பாக மாற்றும் எக்ஸ்போர்ட்டிலும்தான் போகிறது என்று நம்பியிருந்தேன். தாள் வேறு கதை சொன்னது. எக்ஸ்போர்ட் நடக்கும்போது நான் எழுந்து போய்விடுகிறேன். அது 12 நிமிடம் ஆனாலும் 18 நிமிடம் ஆனாலும் என் நாள் மாறுவதில்லை. என்னை உண்மையில் தின்றது, வெட்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனின் திணறல். ஒரு வெட்டைச் சரிபார்க்கப் பின்னோக்கி நகர்த்தினால் படம் உறைந்து நிற்கும். இரண்டு வினாடி, மூன்று வினாடி. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை. அந்த இரண்டு வினாடியில் கை மட்டுமா நிற்கிறது? மனத்தில் ஓடிக்கொண்டிருந்த தாளமும் அறுந்துபோகிறது.

காரணத்தைத் தேடியபோது இரண்டு விஷயங்கள் அகப்பட்டன. ஒன்று, 16 ஜிபி ரேம் நிரம்பி வழிந்து, கணினி எஸ்எஸ்டியைத் தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. இன்னொன்று, என் கேமரா பதிவு செய்யும் வகை: எச்.265, 10 பிட், 4:2:2. காணொளியை இறுகச் சுருக்கி, நிற விவரத்தை அதிகமாக வைத்திருக்கும் வகை இது. இந்த வகைக் கோப்பை விரித்துக் காட்டுவதற்கென்றே சிப்பில் தனிப் பகுதி வேண்டும். இன்டெலின் உள்ளமைந்த கிராஃபிக்ஸில் அது 11ஆம் தலைமுறையிலிருந்து இருக்கிறது. ஆப்பிளின் எம் வரிசை சிப்களிலும் இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு தயாரிக்கும் என்விடியாவிலோ 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்த்தார்கள். ஆக, ஆர்டிஎக்ஸ் 40 வரிசையின் விலை உயர்ந்த கார்டு ஒன்றைப் போட்டிருந்தாலும், அதோடு சேர்ந்த ப்ராசசரிலும் இந்த வசதி இல்லாவிட்டால், என் டைம்லைன் அதே இடத்தில் திணறியிருக்கும். பணம் போயிருக்கும், காத்திருப்பு போயிருக்காது.

தங்கையின் தாள் முற்றிலும் வேறாக இருந்தது. அவளுடைய காத்திருப்பு முழுவதும் கிராஃபிக்ஸ் ரெண்டரில். வாடிக்கையாளர் எதிரில் அமர்ந்து சோபாவின் துணியை மாற்றிக் காட்டச் சொல்வார். புதிய படம் வரும் வரை இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நண்பரின் தாளில் நிமிடக் கணக்கே குறைவு. ஆனால் "மென்பொருள் தானாக மூடிக்கொண்டது" என்று நான்கு இடங்களில் எழுதியிருந்தார். அவருக்குத் தேவைப்பட்டது வேகம் இல்லை, நம்பகம்.

முதல் சல்லடை மென்பொருள்

மேக்கா விண்டோஸா என்ற விவாதத்தில் பலர் மணிக்கணக்கில் ஈடுபடுகிறார்கள். பெரும்பாலான தொழில்களில் அந்த முடிவை மென்பொருள் ஏற்கெனவே எடுத்துவிட்டது. கட்டடம், இயந்திரம், முப்பரிமாணக் காட்சி ஆகியவற்றை வடிவமைக்கும் ரெவிட், சாலிட்ஒர்க்ஸ், 3டிஎஸ் மேக்ஸ் மூன்றும் விண்டோஸுக்கு மட்டுமே. படத்தொகுப்புக்கான ஃபைனல் கட் ப்ரோவும் இசைக்கான லாஜிக் ப்ரோவும் கணினியில் மேக்குக்கு மட்டுமே. ஆட்டோகேட் இரண்டிலும் உண்டு. ஆனால் மேக் பதிப்பில் எல்லா வசதிகளும் கிடையாது. ஃபோட்டோஷாப், லைட்ரூம், பிரீமியர், டாவின்சி ரிசால்வ், ப்ளெண்டர் ஆகியவை இரு பக்கமும் நன்றாக ஓடுகின்றன.

பழைய இன்டெல் மேக்குகளில் பூட் கேம்ப் வழியாக விண்டோஸையே நிறுவிக்கொள்ளலாம். 2020இல் ஆப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறிய பிறகு அந்த வழி அடைபட்டது. இப்போது மேக்குக்குள் விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ் போன்ற மென்பொருளில் ஓடுவது, ஆப்பிள் சிப்பைப் போன்ற ஆர்ம் வகைச் சிப்புக்கான விண்டோஸ். அலுவலகக் கணக்கு மென்பொருளுக்கு அது போதும். ரெவிட்டை அதில் ஓட்டுவதை, அதைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் ஆதரிப்பதில்லை. நண்பரின் அலுவலகத்தில் ஒருவர் மேக்கின் அழகில் மயங்கி வாங்கிவிட்டு, ஆறே மாதத்தில் அதைக் கைமாற்றிவிட்டார் என்று சொன்னார். உங்கள் வருமானம் ஒரே ஒரு விண்டோஸ் மென்பொருளைச் சார்ந்திருந்தாலும் மேக்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இதே சல்லடையில் மறுபக்கமும் ஒன்று உண்டு: கிராஃபிக்ஸ் கார்டில் பொதுக் கணக்கீடுகளை ஓட்ட உதவும் என்விடியாவின் குடா. 2007இலிருந்து அறிவியல் கணக்கீடு, இயந்திரக் கற்றல், ரெண்டர் மென்பொருள்கள் எனப் பெரும் உலகமே அதன் மீது கட்டி எழுப்பப்பட்டிருக்கிறது. அது என்விடியா கார்டில் மட்டும்தான் ஓடும். மேக்கில் என்விடியாவுக்கு இடமே இல்லை. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிப்பதுதான் உங்கள் தொழில் என்றால், என்விடியா உள்ள மடிக்கணினியை வாங்குங்கள்; இல்லையென்றால் அந்த வேலையைத் தொலைவிலுள்ள சர்வருக்கு அனுப்பத் தயாராகுங்கள்.

மேக்புக் ப்ரோ

சல்லடையைத் தாண்டி மேக் உங்கள் பட்டியலில் நின்றால், அதன் பலம் எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸ் மடிக்கணினிகளில் ப்ராசசருக்கு ஒரு நினைவகம், கிராஃபிக்ஸ் கார்டுக்கு வேறொரு நினைவகம். ஆப்பிள் சிப்பில் இரண்டும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. 48 ஜிபி வாங்கினால் அதில் பெரும்பகுதியைக் கிராஃபிக்ஸ் வேலையே எடுத்துக்கொள்ள முடியும். எம்4 மேக்ஸ் சிப்பின் உச்ச வடிவத்தில் 128 ஜிபி வரை போகலாம். தரவு வினாடிக்கு 546 ஜிபி வேகத்தில் பாயும். 7,000 கோடி பாராமீட்டர் கொண்ட மொழி மாதிரி ஒன்றை 4 பிட்டுக்குச் சுருக்கினாலும் ஏறத்தாழ 40 ஜிபி இடம் பிடிக்கும். என்விடியாவின் உச்சபட்ச மடிக்கணினிக் கார்டில் இருப்பதே 24 ஜிபிதான். ஆகவே அப்படிப்பட்ட மாதிரியைத் தன் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க விரும்புகிறவருக்கு மேக் வசதியாக இருக்கிறது. பயிற்றுவிப்பது வேறு, ஓட்டுவது வேறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, சார்ஜரைப் பிடுங்கினாலும் வேகம் ஏறக்குறைய அப்படியே இருப்பது. இயக்குநரோடு ஏதாவது ஓர் அறையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் வெட்டிக் கொடுக்கும்போது, மின் செருகி எங்கே என்று தேடுவதில்லை. சத்தமும் குறைவு. பின்னணிக் குரலை அதே மேசையில் பதிவு செய்கிறேன். பழைய கணினியின் விசிறிச் சத்தம் குரலுக்கு அடியில் ஒரு மெல்லிய சீறலாக உட்கார்ந்துவிடும், அதை நீக்கினால் குரலின் உயிரும் கொஞ்சம் போய்விடும். இப்போது அந்தத் தொல்லை இல்லை.

இனி குறைகள். ரேமும் எஸ்எஸ்டியும் வாங்கும் நாளில் எடுத்ததுதான். பிறகு கூட்டவே முடியாது. உயர்ந்த அளவுகளுக்கு ஆப்பிள் கேட்கும் கூடுதல் விலை, அதே அளவு ரேமைத் தனியாக வாங்குவதைவிடப் பல மடங்கு அதிகம். அது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். முப்பரிமாண ரெண்டரில் எம்3 சிப்பிலிருந்து ஒளிக்கதிர்க் கணக்கீட்டுக்குத் தனி வன்பொருள் வந்தது பெரிய முன்னேற்றம். ஆனாலும் காட்சி என்விடியா கார்டின் நினைவகத்துக்குள் அடங்கிவிட்டால், ப்ளெண்டரில் உயர்நிலை ஆர்டிஎக்ஸ் கார்டுதான் முந்துகிறது.

மேக்குக்குள்ளேயே ஒரு தேர்வு இருக்கிறது. நான் அதிகம் தடுமாறியதும் அங்கேதான். நான் வாங்கியபோது எம்4 மேக்ஸின் கீழ்நிலை வடிவம் 36 ஜிபி நினைவகத்தோடு மட்டும் வந்தது. அதற்கு ஒரு படி கீழான எம்4 ப்ரோவில் 48 ஜிபி எடுக்க முடிந்தது. மேக்ஸில் கிராஃபிக்ஸ் கோர்கள் அதிகம், காணொளியைச் சுருக்கும் பகுதியும் இரண்டு. எக்ஸ்போர்ட் வேகமாக முடியும். எல்லா விமர்சனங்களும் மேக்ஸைத்தான் கைகாட்டின. தாளை எடுத்துப் பார்த்தேன். என் காத்திருப்பு எக்ஸ்போர்ட்டில் இல்லை, நிரம்பி வழியும் நினைவகத்தில் இருக்கிறது. 16 அங்குலத்தில் எம்4 ப்ரோ, 48 ஜிபி எடுத்தேன். விளம்பரப் படங்கள் வெட்டி, ஒரு நாளில் இருபது வடிவங்களை எக்ஸ்போர்ட் செய்து அனுப்புகிற ஒருவர் இதே கேள்விக்கு மேக்ஸ் என்று விடை சொன்னால், அவரும் சரிதான்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 14 அங்குல மேக்புக் ப்ரோவில் மேக்ஸ் சிப் போட்டால், சிறிய உடலுக்குள் அந்தச் சூடு அடங்குவதற்கு விசிறி அதிகமாக உழைக்க வேண்டியிருக்கும். நீண்ட ரெண்டர் செய்கிறவர் 16 அங்குலம் எடுப்பது நல்லது. விசிறியே இல்லாத மேக்புக் ஏர் எழுத்து, நிரல், புகைப்படத் திருத்தம் வரை அருமையான கணினி. மணிக்கணக்கான பாரம் வந்தால் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கேமிங் மடிக்கணினி

பெயரைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். கொடுக்கும் பணத்துக்கு அதிகபட்ச கிராஃபிக்ஸ் சக்தி வேண்டும் என்றால், இதற்கு ஈடு வேறில்லை. ரேமையும் எஸ்எஸ்டியையும் பல மாடல்களில் பின்னால் கூட்டிக்கொள்ளலாம். தங்கை வாங்கியது இந்த வகையைத்தான். வாங்கும் முன் அவள் இரண்டு எண்களைத் துரத்தித் துரத்திக் கேட்டாள். இரண்டுமே கடை அட்டையில் இல்லாதவை.

ஒன்று வாட். என்விடியா மடிக்கணினிக் கார்டின் பெயர் ஒன்றுதான். அதற்கு எவ்வளவு மின்சாரம் தருவது என்பதை மடிக்கணினியைத் தயாரிப்பவர் முடிவு செய்கிறார். ஆர்டிஎக்ஸ் 4070க்கு என்விடியா அனுமதித்த வரம்பு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. இரண்டு பெட்டிகளின் மேலும் 4070 என்றே அச்சிட்டிருக்கும். உள்ளே ஒன்றுக்குக் கிடைப்பது மற்றொன்றின் மூன்றில் ஒரு பங்கு மின்சாரமாக இருக்கலாம். மெலிந்த உடலில் உயர்ந்த கார்டை வைத்து, வாட்டைக் குறைத்து விற்பதைவிட, தடித்த உடலில் ஒரு படி கீழான கார்டு முழு வாட்டில் ஓடுவது பல நேரங்களில் மேல். தயாரிப்பாளரின் விவரக்குறிப்புப் பக்கத்தில் இந்த வாட் எண் பெரும்பாலும் சிறிய எழுத்தில் இருக்கும். அங்கேயும் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள்.

கார்டின் பெயரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேசைக் கணினியின் ஆர்டிஎக்ஸ் 4090ம் மடிக்கணினியின் ஆர்டிஎக்ஸ் 4090ம் ஒரே சிப் இல்லை. மடிக்கணினியில் இருப்பது மேசைக் கணினியின் 4080இல் உள்ள சிப். நினைவகம் 24 ஜிபிக்குப் பதிலாக 16 ஜிபி. மேசைக் கணினி முடிவுகளைப் பார்த்து மடிக்கணினியின் வேகத்தைக் கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இரண்டாவது எண் கிராஃபிக்ஸ் நினைவகம். ஆர்டிஎக்ஸ் 50 வரிசை மடிக்கணினிகளில் 5060க்கும் 5070க்கும் 8 ஜிபி, 5070 டிஐக்கு 12, 5080க்கு 16, 5090க்கு 24. இந்த 8 ஜிபியின் வலியை நானே பட்டிருக்கிறேன். ஒரு குறும்படத்தின் முடிவுக் காட்சிக்காக 240 பிரேம்களை இரவில் ரெண்டருக்குப் போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் எழுந்து கோப்புறையைத் திறந்தால் 61 படங்கள். 62ஆவது பிரேமில் கேமரா திரும்புகிற இடத்தில் ஒரு மரக்கூட்டம் காட்சிக்குள் வருகிறது. அதன் இலைகளும், அவற்றின் மேல் ஒட்டிய படப்பரப்புகளும் சேர்ந்து நினைவகம் நிரம்பி, ரெண்டர் நின்றுவிட்டது. இரவு முழுவதும் கணினி சும்மா எரிந்துகொண்டிருந்தது. அன்று மாலை கொடுக்க வேண்டிய வேலை. படப்பரப்புகளைப் பாதி அளவுக்குக் குறைத்து, காட்சியை இரண்டாக உடைத்து, ஒரு வழியாகக் கொடுத்து முடித்தேன். வேகம் குறைந்த கார்டு வேலையைத் தாமதமாகவாவது முடிக்கும். நினைவகம் போதாத கார்டு முடிக்கவே முடிக்காது. இதைச் சொல்லித்தான் தங்கையை 8 ஜிபி பக்கமே போகவிடவில்லை. புதிய தலைமுறையின் 8 ஜிபி கார்டைவிடத் தள்ளுபடியில் கிடைத்த முந்தைய தலைமுறையின் 16 ஜிபி கார்டு அவளுக்கு ஏற்றது என்று முடிவு செய்தோம். இப்போது சோபாவின் துணி மாறும்போது வாடிக்கையாளரும் அவளும் பேச்சை நிறுத்துவதே இல்லை.

இந்த வகையின் குறைகளும் கண்முன்னே இருக்கின்றன. இரைச்சல். எடை. செங்கல் போன்ற சார்ஜர். 330 வாட் சார்ஜரைப் பையில் போட்டுத் தூக்கினால் தோள் அதை மறக்காது. சார்ஜரைப் பிடுங்கியதும் வேகம் சரேலென்று இறங்கும். காரணம் எளியது. விமானத்தில் சிறப்பு அனுமதி இல்லாமல் எடுத்துச் செல்லும் பேட்டரிக்கு 100 வாட்-மணிதான் வரம்பு. அதனால் மடிக்கணினிகள் பெரும்பாலும் அதற்கு மேல் போவதில்லை. கார்டும் ப்ராசசரும் சேர்ந்து 200 வாட் இழுத்தால் அரை மணி நேரத்தில் பேட்டரி காலி. அதைத் தவிர்க்கத்தான் வேகத்தைக் கட்டிப்போடுகிறார்கள். ஆகவே இதை இடம் மாற்றக்கூடிய மேசைக் கணினி என்று நினைத்து வாங்க வேண்டும். திரையையும் கவனியுங்கள்: வினாடிக்கு 240 முறை புதுப்பிக்கும் திரை, நிறத்தைத் துல்லியமாகக் காட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஒர்க்ஸ்டேஷன் மடிக்கணினி

டெல் ப்ரிசிஷன், எச்பி இசட்புக், லெனோவோ திங்க்பேட் பி வரிசை ஆகியவை இந்தக் குடும்பம். டெல் 2025இல் ப்ரிசிஷன் என்ற பெயரை விட்டு டெல் ப்ரோ மேக்ஸ் என்று மாற்றிக்கொண்டது. உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் சிப், கேமிங் மடிக்கணினியில் இருப்பதற்கு நெருங்கிய உறவினர்தான். விலை மட்டும் கணிசமாக அதிகம். அந்த விலை எதற்கு?

முதலாவதாக, சான்றிதழுக்கு. சாலிட்ஒர்க்ஸ், ஆட்டோடெஸ்க் போன்ற நிறுவனங்கள் இன்ன மாடல், இன்ன கார்டு, கார்டை இயக்கும் நிரலான டிரைவரின் இன்ன பதிப்பு ஆகியவற்றில் தங்கள் மென்பொருள் சரியாக ஓடுகிறது என்று சோதித்துப் பட்டியலிடுகின்றன. ஆயிரக்கணக்கான பாகங்கள் கொண்ட ஒரு வடிவமைப்பைத் திருப்பிப் பார்க்கும்போது கோடுகள் மறைவது, மென்பொருள் மூடிக்கொள்வது போன்ற தொல்லைகள் வந்தால், பட்டியலில் உள்ள கணினிக்குத்தான் மென்பொருள் நிறுவனத்திடம் முழு உதவியும் எதிர்பார்க்கலாம். இரண்டாவதாக, நினைவகத்தில் நேரும் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ஈசிசி ரேமைச் சில மாடல்களில் போடலாம். மூன்றாவது, நண்பரை இந்தப் பக்கம் இழுத்தது: பழுதுபார்க்கும் சேவை. இந்த வரிசைகளுக்குப் பெரும்பாலும் ஊழியரே இடத்துக்கு வந்து சரிசெய்யும் உத்தரவாதத்தை எடுக்க முடியும். கணினியைப் பிரித்துப் பாகம் மாற்றும் கையேட்டையும் தயாரிப்பாளர்களே வெளியிட்டிருக்கிறார்கள்.

நண்பரின் முந்தைய மடிக்கணினி சேவை மையத்தில் 19 நாட்கள் கிடந்தது. எந்த நிறுவனம் என்று இங்கே சொல்லப் போவதில்லை. அந்த 19 நாட்களில் ஒரு பாலத்தின் கணக்குகளைக் கடன் வாங்கிய கணினியில், சரியான மென்பொருள் பதிப்பு இல்லாமல் அவர் முடித்துக் கொடுத்தார். "அந்த மூன்று வாரத்தில் எனக்கு வந்த தலைவலிக்கு என்ன விலை போடுவது?" என்று கேட்டார். ஒர்க்ஸ்டேஷனுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் அந்தக் கேள்விக்கான பதில். மாறாக, உங்கள் மென்பொருள் ப்ளெண்டரோ ரிசால்வோ என்றால் இந்தச் சான்றிதழால் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை. கேமிங் கார்டுகளுக்கே என்விடியா தரும் ஸ்டூடியோ டிரைவர் போதும்.

கொஞ்சம் வேகமாகச் சில மாற்றுகள்

குவால்காம் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் உள்ள விண்டோஸ் மடிக்கணினிகள் 2024 ஜூனில் வந்தன. பேட்டரி நன்றாக நிற்கிறது. ஆனால் தொழில் மென்பொருள்களின் சொருகுநிரல்களும், ஒலிக்கருவி போன்ற வெளிச் சாதனங்களின் டிரைவர்களும் ஆர்ம் சிப்புக்கு எழுதப்பட்டிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வலுவான வேலைக்கு இன்று நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏஎம்டியின் ரைசன் ஏஐ மேக்ஸ் பிளஸ் 395 சிப் கவனத்துக்கு உரியது. 16 கோர்கள், 128 ஜிபி வரை பகிர்ந்த நினைவகம். விண்டோஸில் அதில் 96 ஜிபி வரை கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கலாம். மேக்கின் கட்டமைப்பை விண்டோஸிலும் லினக்ஸிலும் தேடுகிறவருக்கு இது கிட்டத்தட்ட ஒரே விடை. நினைவக வேகம் வினாடிக்கு 256 ஜிபி. எம்4 ப்ரோவின் 273க்குப் பக்கத்தில், எம்4 மேக்ஸுக்குக் கீழே. இதிலும் ரேமைப் பின்னால் கூட்ட முடியாது. ஃப்ரேம்ஒர்க் 16 என்ற மடிக்கணினியில் கிராஃபிக்ஸ் பகுதியையே கழற்றி மாற்றலாம். இந்த யோசனை வளர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மடிக்கணினிதான் வேண்டுமா?

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். நாங்களும் தாமதமாகத்தான் கேட்டோம். வலுவான வேலை எப்போதும் ஒரே மேசையில்தான் நடக்கிறது, வெளியே போகும்போது காட்டவும் குறிப்பெடுக்கவும் மட்டும் கணினி வேண்டும் என்றால், நல்ல மேசைக் கணினி ஒன்றும் இலேசான மடிக்கணினி ஒன்றும் சேர்ந்து பல நேரங்களில் ஓர் உச்சநிலை மடிக்கணினியின் விலைக்குள்ளேயே அடங்கிவிடும். மேசைக் கணினியின் ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு 575 வாட் வரை இழுக்கிறது, நினைவகம் 32 ஜிபி. அதே பெயருள்ள மடிக்கணினிக் கார்டு உச்சத்தில் 175 வாட், 24 ஜிபி. சூட்டை வெளியேற்ற இடம் இருக்கிற பெட்டிக்கும் இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள உடலுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தத் தொழில்நுட்பமும் இன்னும் அழித்துவிடவில்லை. வெளியிலிருந்து பார்செக் போன்ற மென்பொருள் மூலம் வீட்டுக் கணினியை இயக்கலாம். இணையம் நிலையாக இருந்தால் வேலை நன்றாகவே நடக்கும்.

நான் இப்போது பாதி அப்படித்தான் இருக்கிறேன். படத்தொகுப்பு முழுவதும் மடிக்கணினியில். ப்ளெண்டர் காட்சிகளை மட்டும் நண்பர்கள் சிலர் சேர்ந்து வைத்திருக்கும் மேசைக் கணினிக்கு அனுப்பிவிடுகிறேன். ரெண்டருக்காக மேக்ஸ் சிப் வாங்கத் தேவைப்படாததற்கு அதுவும் ஒரு காரணம்.

எண்களில் என் அளவுகோல்

ரேமில் 16 ஜிபி இன்று தொழில்முறை வேலைக்குத் தொடக்கம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். 32 ஜிபிதான் தரை. 4கே படத்தொகுப்பு, பெரிய நிரல் திட்டங்கள், ஒரே நேரத்தில் பல மெய்நிகர் கணினிகள் என்றால் 48 அல்லது 64. விண்டோஸ் மடிக்கணினியாக இருந்தால், ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டதா, சொருகி மாற்றக்கூடியதா என்று கேளுங்கள். பற்றவைக்கப்பட்டது என்றால் ஐந்து ஆண்டுகளுக்குத் தேவையானதை இன்றே எடுங்கள். கையில் இருக்கும் பணம் ரேமுக்கும் ஒரு படி உயர்ந்த ப்ராசசருக்கும் இடையே இழுபட்டால், யோசிக்காமல் ரேமின் பக்கம் போங்கள். எஸ்எஸ்டி 1 டிபி. அதற்கு மேல் தேவைப்படுவதை வெளிச் சேமிப்பகத்தில் வைக்கலாம், தண்டர்போல்ட் 4 இணைப்பின் உச்ச வேகம் வினாடிக்கு 40 ஜிகாபிட். அச்சுக்கு வேலை செய்கிறவர் அடோபி ஆர்ஜிபி என்ற நிற வரம்பில் எத்தனை சதவீதத்தைத் திரை காட்டுகிறது என்றும், காணொளி செய்கிறவர் டிசிஐ-பி3 என்ற நிற வரம்பில் எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள். ஓஎல்இடி திரையின் கறுப்பு மனத்தைக் கொள்ளை கொள்ளும். ஆனால் ஒரே மென்பொருளின் பட்டைகள் நாளெல்லாம் ஒரே இடத்தில் நிற்கும் தொழிலில், அந்தப் பட்டைகளின் தடம் திரையில் தங்கிவிடுமோ என்ற பயம் எனக்கு இருக்கிறது.

வாங்குவதற்கு முன்னும் பின்னும்

விமர்சனம் படிக்கும்போது ஒரே ஓட்டத்தின் முடிவை விட்டுவிட்டு, திரும்பத் திரும்ப ஓட்டிய சோதனையைத் தேடுங்கள். நோட்புக்செக் போன்ற தளங்கள், ப்ராசசரின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் சோதனையைத் தொடர்ந்து பல சுற்றுகள் ஓட்டி, ஒவ்வொரு சுற்றின் மதிப்பெண்ணையும் வரைபடமாகப் போடுகின்றன. விசிறியின் சத்தத்தையும் டெசிபலில் அளக்கின்றன. அந்த வரைகோடு முதல் சுற்றுக்குப் பிறகு சறுக்கிக்கொண்டே போகிறதா, ஒரு மட்டத்தில் நிற்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. படத்தொகுப்பு மென்பொருள்களுக்குப் பியூஜெட்பெஞ்ச் என்ற சோதனையின் முடிவுகள் உதவும்.

கணினி கைக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள், உங்கள் சொந்த வேலையிலேயே மிகக் கனமான கோப்பை அதில் ஏற்றுங்கள். விண்டோஸ் என்றால் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் வெப்பமும் வாட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் திறந்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் ரெண்டர் போடுங்கள். முதல் பிரேமுக்கான நேரத்தையும் அறுபதாவது நிமிடத்தில் வரும் பிரேமுக்கான நேரத்தையும் அருகருகே எழுதுங்கள். தங்கையின் கணினியில் அவை 21 வினாடியும் 22 வினாடியும். நண்பர் தம்முடைய மிகப் பெரிய மாதிரியைத் திறந்து ஒரு வேலை நாள் முழுவதும் மூடாமல் வைத்திருந்தார். மாலை ஆறு மணிக்கும் அது திறந்தேதான் இருந்தது. நான் அந்தப் பழைய எச்.265 கோப்புகளைப் பதினொரு அடுக்குகளாக டைம்லைனில் போட்டு, ஒரு வெட்டைச் சரிபார்க்கப் பின்னோக்கி நகர்த்தினேன். படம் விரலோடு சேர்ந்தே வந்தது.